அமிலத்தோடு வாழ்ந்த தந்தையும் ஆய்வகம் செல்ல விரும்பிய மகளும்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை நம் பகுதி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. விழுப்புரமும் திண்டிவனமும் வெள்ளக்காடாயின. மின்சாரம் நின்றது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம், "நாங்கள் உயிரோடு இருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல இயலாமல் பெற்றோர் பலர் தவித்தனர். கையில் தொலைபேசி இருந்தது. ஆனால் அதற்குள் உயிர் இல்லை.

அந்த நாட்களில் பங்கு இல்லத்தின் சிறிய ஜெனரேட்டரைச் சுற்றி ஊரே கூடியது. சாதி சமயம் பாராமல் அனைவரும் தத்தம் தொலைபேசிகளை நீட்டிக்கொண்டு நின்றனர். இரண்டாம் நாள் டீசல் தீர்ந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் லாரிக்குப் பொருத்தும் பெரிய பேட்டரி ஒன்றைச் சைக்கிளில் கட்டி, முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் திண்டிவனத்தில் பேட்டரி பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருப்பவர். அன்றிரவு ஆலய முகப்பில் எரிந்த ஒற்றை விளக்கு அவர் தந்த ஒளியே.

சில மாதங்கள் கழித்து, அதே மனிதர் வாடிய முகத்தோடு என்னிடம் வந்தார்.

"சாமி, முப்பது வருஷமா ஆசிட்டோட குடித்தனம் பண்ணறேன். இந்தக் கையைப் பாருங்க. இந்தப் பாடு என் பொண்ணுக்கு வேண்டாம்னுதான் அவளைப் படிக்க வெச்சேன். இப்ப அவளும் ஆசிட் பக்கமே போறேன்னு நிக்கிறா. நீங்கதான் நாலு வார்த்தை சொல்லணும்" என்றார்.

அவர் நீட்டிய கைகளை நான் பார்த்தேன். விரல் நுனிகள் வெடித்து, புறங்கையில் வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள் படர்ந்திருந்தன. வலக்கண்ணின் ஓரத்தில் ஒரு பழைய வடு. ஒருமுறை அமிலம் தெறித்ததாம். அருகில் தண்ணீர் இல்லாமல், தெருக்குழாய் வரை கண்ணை மூடிக்கொண்டு ஓடினாராம்.

மகள் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். மின்சாரத்தைச் சேமிக்கும் கலங்களை உருவாக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் ஒப்பந்தப் பணி. அதன்பின் எப்படியோ தெரியாது. தாய்க்கோ, மகள் வங்கித் தேர்வோ ஆசிரியர் தேர்வோ எழுதி நிலையான வேலையில் அமரவேண்டும் என்பது ஆசை. "தொழிற்சாலை ஆய்வுக்கூட வேதியியலார்" என்றால் என்ன வேலை, அதில் எதிர்காலம் உண்டா என்பது அக்குடும்பத்தில் எவருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை. குருமடத்தில் நான் கற்றது மெய்யியலும் இறையியலும். ஆகவே, "ஒரு மாதம் பொறுங்கள், நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன்.

அந்த ஒரு மாதத்தில் அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். பிள்ளைகளின் படிப்பையும் பிழைப்பையும் குறித்துக் கலங்கும் பெற்றோர் வேறு சிலருக்கும் இது பயன்படக்கூடும்.

அடுப்பங்கரையில் அறிந்த வேதியியல்

எரிபொருள் வேதியியல் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1993 வரை விழுப்புரமும் நெய்வேலியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. நெய்வேலி நிறுவனம் 1956-இல் தோன்றியது. அங்கே மண்ணுக்கடியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி நீர்தான். அப்படியே அடுப்பிலிட்டால் புகையே மிஞ்சும். அதை அரைத்து, உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி, காற்றுப் புகாத அடைப்பில் சூடேற்றி, தாரையும் பீனால் போன்ற பொருள்களையும் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கரிக்கட்டிதான் "லெக்கோ". என் வயதையொத்தவர்கள் இப்பெயரை மறந்திருக்கமாட்டார்கள். விறகடுப்பின் புகையில் கண் கசக்கிய எங்கள் அன்னையர் லெக்கோ அடுப்புக்கு மாறியபோது, அதன் பின்னால் ஒரு வேதியியலார் கூட்டம் உழைத்திருந்தது என்பதை அன்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. லெக்கோ ஆலை இன்று இல்லை; ஆனால் புகையில்லாமல் சமைத்த நாட்கள் நினைவில் இருக்கின்றன.

காரைக்குடியிலோ, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் எழுந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் நிறுவனம் திறக்கப்பட்டது. மின்கலங்கள், உலோக அரிப்பு, மின்முலாம் ஆகியவற்றில் அங்கு ஆய்வுகள் நடைபெறுகின்றன. ஆகவே ஆற்றல்துறை வேதியியல் என்பது கடல்கடந்த நாடுகளுக்கே உரியது என்று எண்ணவேண்டுவதில்லை.

பழைய கலமும் புதிய கலமும்

நம் நண்பரின் கடையில் உள்ள ஈய பேட்டரியை முதன்முதலில் செய்தவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே, ஆண்டு 1859. ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும்தான் அதன் உள்ளடக்கம். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் லாரிகளிலும் வீட்டு இன்வெர்ட்டர்களிலும் அது உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஈயம் கனமானது, நச்சுத்தன்மை உடையது. பழைய பேட்டரிகளை வீட்டுக் கொல்லைப்புறங்களில் உடைத்து உருக்கும் இடங்களில், அந்தப் புழுதி குழந்தைகளின் இரத்தத்தில் கலந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது.

இலித்தியமோ உலோகங்கள் அனைத்திலும் இலேசானது. தண்ணீரின் எடையில் ஏறத்தாழ பாதிதான் என்று சொல்லத்தக்க அளவுக்கு இலேசு; எண்ணெயில் இட்டால் மிதக்கும். தன்னிடமுள்ள மின்னணுவை எளிதில் விட்டுக்கொடுக்கும் இயல்புடையது. எனவே ஆற்றல் மிகுதி. அந்த இயல்பே அதன் ஆபத்தும் ஆகும். ஈரம் பட்டால் வினைபுரியும்; தீயும் பற்றக்கூடும். அந்த முரட்டுக் குதிரைக்குக் கடிவாளம் இட்டவர்களின் கதையே இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியின் கதை.

எண்ணெய் நிறுவனத்தில் ஓர் ஆய்வாளர்

1972-இல் ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்னும் ஆங்கிலேய வேதியியலார் அமெரிக்காவின் எக்ஸான் நிறுவனத்தில் சேர்ந்தார். எண்ணெய் விற்கும் நிறுவனம், எண்ணெய் தீர்ந்துபோகும் காலத்தை எண்ணி வேறு ஆற்றல் வழிகளைத் தேடிய நேரம் அது. டைட்டானியம் டைசல்ஃபைடு என்னும் பொருள் அடுக்கடுக்காக அமைந்தது. அந்த அடுக்குகளின் இடைவெளியில் இலித்தியம் அயனிகள் புகுந்து தங்கவும், மீண்டும் வெளியேறவும் இயலும் என்று அவர் கண்டார். விழுப்புரம் சந்திப்பில் பயணிகள் ஏறிப் படுக்கைகளில் இடம்பிடிப்பதையும், பெட்டிக்குச் சேதமின்றி இறங்கிச் செல்வதையும் நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஏறுவதும் இறங்குவதுமே மின்னேற்றமும் மின்னிறக்கமும்.

ஆனால் அக்கலத்தின் மறுமுனையில் இருந்தது தூய இலித்திய உலோகம். ஆய்வகத்தில் பலமுறை தீப்பிடித்தது. தீயணைப்புப் படையினர் வந்து வந்து சலித்துப்போயினர். 1980-களின் தொடக்கத்தில் எண்ணெய் விலை சரிந்தபோது, நிறுவனம் அந்த ஆய்வையே நிறுத்திவிட்டது. உழைத்தவரின் தவறு எதுவும் இல்லை. சந்தை திரும்பியது, கதவு மூடியது. விட்டிங்ஹாம் வேறு நிறுவனம் சென்றார். பின்னர் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டில் ஜான் குட்இனஃப் என்னும் பேராசிரியர் இருந்தார். சிறுவயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே இடர்ப்பட்டவர் அவர். 1980-இல் அவர் குழுவினர், கோபால்ட் ஆக்ஸைடைப் பயன்படுத்தினால் கலம் நான்கு வோல்ட் வரை தரும் என்று காட்டினர். அது பெரும் பாய்ச்சல். எனினும் பல்கலைக்கழகம் காப்புரிமை பெற முன்வரவில்லை. ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்துக்கு உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டார். உலகமே பயன்படுத்திய கண்டுபிடிப்பால் அவருக்குப் பங்குத்தொகை ஏதும் வரவில்லை. அதற்காக அவர் கசந்துபோகவுமில்லை. அவர் தம் வாழ்க்கை வரலாற்றுக்கு இட்ட பெயர் "அருளுக்குச் சாட்சி" என்று பொருள்படும். 2023-இல், நூறு வயது நிரம்பிய நிலையில், அவர் காலமானார்.

மெழுகுவர்த்தி படித்த சிறுவன்

எனக்கு மிகவும் பிடித்த கதை மூன்றாமவருடையது. அகிரா யோஷினோ 1948-இல் ஜப்பானின் ஒசாகா பகுதியில் பிறந்தவர். தொடக்கப்பள்ளியில் படித்தபோது ஆசிரியர் ஒருவர், மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவர்த்தியை வைத்து வேதியியல் முழுவதையும் விளக்கிய நூலைப் படிக்கும்படி சொன்னார். அந்தச் சுடர் சிறுவனின் உள்ளத்தில் பற்றிக்கொண்டது. நம் ஆலயங்களில் நாள்தோறும் எரியும் மெழுகுவர்த்தியை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! "அது ஏன் எரிகிறது?" என்று நம் பிள்ளைகளில் ஒருவரையேனும் கேட்கத் தூண்டியிருக்கிறோமா?

1972-இல் முதுகலைப் பட்டத்தோடு அவர் அசாஹி கசெய் என்னும் வேதிப்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். முதல் மூன்று ஆய்வுத் திட்டங்களும் சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டன. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. நம் ஊரில் என்றால் உறவினர் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நான் எழுதவேண்டியதில்லை. 1981-இல் நான்காவது திட்டமாக, மின்கடத்தும் ஒருவகைப் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டார். அதைக் கலத்தின் எதிர்முனையாக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அதற்கு இணையான நேர்முனை கிடைக்கவில்லை. 1982-ஆம் ஆண்டின் இறுதியில், விடுமுறைக்கு முன் மேசையை ஒழுங்குபடுத்தியபோது, படிக்காமல் கிடந்த குட்இனஃபின் கட்டுரை கண்ணில் பட்டது. தேடிய பொருள் அதில் இருந்தது. அடுத்த ஆண்டே முதல் மாதிரிக்கலம் உருவாயிற்று. பின்னர் அந்தப் பிளாஸ்டிக்கையும் நீக்கி, கரிமப் பொருளை வைத்து, 1985-இல் இன்றைய இலித்தியம் அயனிக் கலத்தின் அடிப்படை வடிவத்தை அமைத்தார். உலோக இலித்தியமே இல்லாத கலம். அயனிகள் இங்குமங்கும் சென்றுவரும், அவ்வளவே.

கலம் வேலைசெய்தது. ஆனால் மக்கள் கையில் கொடுக்கலாமா? வெடிபொருள்களைச் சோதிக்கும் இடமொன்றில், கலத்தின்மீது கனத்த இரும்பைப் போட்டு நசுக்கிப் பார்த்தார்கள். உலோக இலித்தியக் கலம் தீப்பற்றி எரிந்தது; யோஷினோவின் கலம் நசுங்கியது, தீப்பற்றவில்லை. அந்தக் கணத்தையே தம் கண்டுபிடிப்பு பிறந்த கணமாக அவர் கருதினார் என்பது கவனிக்கத்தக்கது. ஆற்றல் மிகுந்தபோது அன்று. பிறருக்குத் தீங்கு செய்யாது என்று உறுதிப்பட்டபோது!

1991-இல் சோனி நிறுவனம் இவ்வகைக் கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் விற்பனை மந்தமே; 1995-க்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. யோஷினோ முனைவர் பட்டம் பெற்றது 2005-இல், தம் 57-ஆம் வயதில். 2019-இல் விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவரும் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரே மிக மூத்தவர்.

ஸ்டாக்ஹோமில் ஒரு தமிழ்க்குரல்

அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில் குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவர் ஒரு தமிழர். தென் தமிழகத்தில் அமராபுரம் என்னும் சிற்றூரில் 1951-இல் பிறந்த ஆறுமுகம் மந்திரம்தான் அவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, மதுரையில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1980-களின் நடுவில் ஆக்ஸ்ஃபர்டு சென்று குட்இனஃபோடு சேர்ந்தார். பின்னர் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

இவ்விருவரின் ஆய்வில் நம் மனச்சான்றைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. கோபால்ட்டின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் மண் சுமக்கின்றனர். நம் தொலைபேசியின் ஒளியில் அக்குழந்தைகளின் வியர்வையும் கலந்திருக்கலாம். 1980-களின் இறுதியில் மந்திரமும் குட்இனஃபும், மலிவான இரும்பைச் சல்ஃபேட் போன்ற தொகுதிகளோடு இணைத்தால் நல்ல மின்னழுத்தம் பெறலாம் என்று காட்டினர். அந்த வழியில் 1997-இல் இலித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் என்னும் பொருள் குட்இனஃபின் குழுவிலிருந்து வெளிவந்தது. அதன் முதல் ஆய்வாளரும் இந்தியர், அக்ஷய பாதி. அதில் கோபால்ட் இல்லை. எளிதில் தீப்பற்றுவதும் இல்லை. இன்று மின்சாரப் பேருந்துகளிலும் ஆட்டோக்களிலும் அது பெருமளவில் பயன்படுகிறது. ஆகவே, வேதியியலார் எந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது வெறும் கணக்கன்று. தொலைதூரத்துக் குழந்தையின் வாழ்வும் அதில் அடங்கியிருக்கிறது.

ஒளிவு மறைவில்லாத கணக்கு

ஒரு மாதம் கழித்துத் தந்தை, தாய், மகள் மூவரும் வந்தனர். நான் அறிந்தவற்றை அப்படியே எடுத்துரைத்தேன். இனிப்பை மட்டும் காட்டவில்லை.

இந்தத் தொழிலில் பெரும்பாலான முயற்சிகள் தோற்கும். தோல்வியையும் நாள்தவறாமல் ஏட்டில் எழுதிவைப்பதே வேலை. நிறுவனம் நினைத்தால் ஆய்வை ஒரே கடிதத்தில் மூடிவிடும். கண்டுபிடிப்பின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்கே சேரும். சம்பளமே ஆய்வாளரின் பங்கு. பெயர் வெளியே தெரியாது. நோபல் பரிசு மூவருக்குத்தான்; அதே நாட்களில் அதே சோதனைகளைச் செய்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் கற்ற திறன் கைவிடாது. ஆய்வு மூடப்பட்ட பிறகும் விட்டிங்ஹாமுக்கு வேறு கதவு திறந்தது. மூன்று முறை தோற்றவரை அவர் நிறுவனம் நான்காம் முறையும் நம்பியது. இன்று முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும், தொழிலில் தேர்ந்தபின் அதைப் பெறவும் வழியுண்டு.

தாய் கேட்டார்: "ரெண்டு வருஷம் கழிச்சு வேண்டாம்னு அனுப்பிட்டா என்ன பண்றது சாமி?"

மகளே விடை சொன்னாள்: "அப்பவும் எனக்கு இருபத்தஞ்சு வயசுதாம்மா. தேர்வு எழுத வயசு இருக்கும். ஆனா இந்த வேலையை இப்ப விட்டா, திரும்ப யாரும் கூப்பிடமாட்டாங்க."

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஜப்பான்காரர் இரும்பைப் போட்டுப் பார்த்தார்னு சொன்னீங்களே, சாமி! எங்க தொழில்ல யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கண்ணுல பட்ட பிறகுதான் தண்ணி தேடுவோம்" என்றார். அவர் அஞ்சியது வருமானத்தையன்று, அமிலத்தைத்தான் என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

தம் பேட்டையை விட்டு அதிகம் வெளியே செல்லாத அந்த மனிதர், மகளோடு ரயிலேறி அந்த நிறுவனத்துக்கே சென்றார். வேலை நேரம், தங்குமிடம், சம்பளம் எதையும் அவர் முதலில் கேட்கவில்லையாம். "அமிலம் தெறித்தால் கண் கழுவ எங்கே தண்ணீர்?" என்றுதான் கேட்டாராம். ஆய்வகத்தின் வாயிலருகே கண் கழுவுவதற்கென்றே அமைந்த குழாயைக் காட்டியிருக்கிறார்கள். அதைத் தம் கையாலேயே திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்து மூடிவிட்டு, "சரிம்மா, சேர்ந்துக்கோ" என்று சொல்லியிருக்கிறார்.

அவள் இப்போது பணியில் இருக்கிறாள். இரண்டு ஆண்டுகள் இன்னும் முடியவில்லை. முடிவு எப்படியிருக்கும் என்று எவரும் அறியோம். அண்மையில் ஊருக்கு வந்தபோது, "நாற்பது சோதனை செய்தோம், ஃபாதர். முப்பத்தெட்டு சரியா வரல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "மீதி இரண்டு?" என்று கேட்டேன். "அதைத்தான் மறுபடி செய்துகிட்டு இருக்கோம்" என்றாள்.

பெற்றோரே, பிள்ளைகள் அறியாத பாதையில் செல்ல விரும்பும்போது அஞ்சுவது இயல்பே. அந்த அச்சத்தில் அன்பும் இருக்கிறது. ஆனால் "வேண்டாம்" என்று சொல்லுமுன், அந்தத் தந்தையைப் போல ஒருமுறை நேரில் சென்று, குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால், பிள்ளையை வாழ்த்தி அனுப்புங்கள்.